மேவிஸ் வேலை பார்த்த கோர்ட்

வால்தம்ஸ்டோ, லண்டன்
9 பிப்ரவரி 2009

அன்புள்ள ராய்ஸ்டன்,

பத்து வருடமாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் பெயரை மட்டும் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பிப்ரவரியில் என் கையெழுத்தில் ஒரு உறை வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. என் இடது முழங்கால்தான் படி இறங்கும்போது தனியாகச் சத்தம் போடுகிறது. போன திங்கட்கிழமை பெய்த பனியில் லண்டனில் ஒரு பஸ்கூட ஓடவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

விஷயம் கோர்ட்டைப் பற்றியது. கடிதத்தை இங்கேயே கிழித்துவிடாதே.

எங்கள் பேடன்ட் கவுண்டி கோர்ட்டுக்கு ஜனங்கள் ஏன் வருவதில்லை, எப்படி மாற்றினால் வருவார்கள் என்று பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். கருத்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். வந்திருக்கும் கருத்தெல்லாம் வக்கீல்கள் எழுதியது. வழக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஒருத்தர்கூட எழுதவில்லை. எனக்கு அப்படி ஒருத்தரைத் தெரியும்.

கோர்ட் சார்பில் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுது. என்னைப் பற்றியும் எழுதலாம்.

அன்புடன்,
மேவிஸ்


ஸ்பால்டிங், லிங்கன்ஷயர்
2 மார்ச் 2009

மேவிஸ்,

முழங்காலை டாக்டரிடம் காட்டு.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறாய். முதலில் உனக்கே எழுதுகிறேன், சரியாக இருக்கிறதா என்று பார்.

1996, ஈஸ்டர் ஞாயிறு. ஹோல்பீச்சில் நம் அம்மா வீடு. மேஜையில் ஆட்டுக்கறி. செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில் ஜன்னலுக்கு நான் செய்த தாழ்ப்பாளை, எந்தக் காற்றுக்கும் தெறிக்காத தாழ்ப்பாளை, பேடன்ட் வாங்கி வைத்திருந்த தாழ்ப்பாளை, ஒரு பெரிய கம்பெனி அப்படியே செய்து விற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹைகோர்ட்டுக்குப் போனால் ஆண்டியாகிவிடுவேன், போனால் போகட்டும் என்றும் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்தாய்.

"எதுக்கு ஹைகோர்ட்டு? எங்க கோர்ட்டுக்கு வாடா. உன்ன மாதிரி சின்ன ஆளுங்களுக்குன்னே வெச்ச கோர்ட்டு அது. செலவும் கம்மி, சட்டுனு முடிஞ்சிடும்."

பெருமையில் உன் முகம் சிவந்திருந்தது. வந்தேன். இரண்டு வருடம் ஆனது. ஒன்பது நாள் விசாரணை, இரண்டு பாரிஸ்டர்கள், தள்ளுவண்டியில் வரும் காகிதக் கட்டுகள். கடைசியில் 1931-இல் எவனோ ஒரு டச்சுக்காரன் போட்ட விலைப்பட்டியலில், பதினேழாம் பக்கத்தில், ஒரு படம் கிடைத்தது. என் தாழ்ப்பாள் புதிதல்ல, பேடன்ட் செல்லாது. அவர்களுடைய வக்கீல் செலவும் என் தலையில். பின்ச்பெக் வீட்டை விற்றேன். வீடு போனதால் கிளெனிஸ் என்னை விவாகரத்து செய்துவிட்டுப் போனாள் என்று சொல்லமாட்டேன். வீடு போன அடுத்த வருடம் போனாள்.

அந்த ஒன்பது நாளும் நீ அதே கட்டடத்தில் இருந்தாய். ஒரு நாள்கூட முகம் காட்டவில்லை.

குழுவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ராய்ஸ்டன்


வால்தம்ஸ்டோ
20 மார்ச் 2009

அன்புள்ள ராய்ஸ்டன்,

நீ எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். நான் கீழே வைத்தது கரண்டி இல்லை, புதினா சாஸ் கிண்ணம். மற்றதெல்லாம் சரி. ஒரு வார்த்தை மாறவில்லை.

அதை நான் நம்பித்தான் சொன்னேன். கோர்ட்டைத் திறந்தபோது அப்படித்தான் எங்களுக்கும் சொன்னார்கள், அப்படி நடத்தவும் நினைத்தார்கள். நடக்கவில்லை. உன் வழக்குக்குப் பிறகு அந்த வார்த்தைகளை யாரிடமும் நான் சொன்னதில்லை. போனில் யாராவது, "மேடம், உங்க கோர்ட்டுக்கு வரலாமா?" என்று கேட்டால், "ஒரு வக்கீலைக் கேட்டுக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தேதி போடுகிற குமாஸ்தா அதற்கு மேல் பேசக் கூடாது. அன்றைக்கும் பேசியிருக்கக் கூடாது.

மன்னிப்புக் கேட்கப் பத்து வருடத்தில் பத்துக் கடிதமாவது தொடங்கியிருப்பேன். எல்லாம் வானிலையில் தொடங்கி வானிலையிலேயே முடிந்துவிட்டன. மன்னித்துவிடு, ராய்ஸ்டன்.

முகம் காட்டாததற்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்தில் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். இன்னொரு நாள் சொல்கிறேன்.

மேவிஸ்


ஸ்பால்டிங்
18 மே 2009

மேவிஸ்,

இதோடு நான்கு பக்கம் வைத்திருக்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதலில் ஒன்பது பக்கம் வந்தது. திட்டை எல்லாம் எடுத்தேன், நான்காகிவிட்டது.

சுருக்கமாகச் சொன்னது இதுதான். கடிக்கிற நாய் இருக்கும் வீட்டுக்குக்கூட ஒரு ஆள் போவான், சங்கிலி எவ்வளவு நீளம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால். நான் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை (இது பொய், ஆனால் குழுவுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்). தோற்றால் எவ்வளவு போகும் என்று கடைசி நாள் வரை எவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெயரையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். கவுண்டி கோர்ட்டில் வழக்கு என்று பப்பில் சொன்னால், "என்ன, வாடகை பாக்கியா? இல்ல பக்கத்து வீட்டு வேலியா?" என்று கேட்கிறார்கள். பேடன்ட் இல்லாதவன் உள்ளே வரலாமா என்பதும் அந்தப் பெயரிலிருந்து தெரிவதில்லை.

பிடித்தால் கொடு. பிடிக்காவிட்டால் சிப்ஸ் மடிக்க ஆகும்.

ராய்ஸ்டன்


வால்தம்ஸ்டோ
5 அக்டோபர் 2010

அன்புள்ள ராய்ஸ்டன்,

நீ அனுப்பிய பிளம் ரொட்டி வந்தது. அலுவலகத்தில் வெட்டி வைத்தேன், பதினோரு மணிக்குத் தட்டு காலி.

வெள்ளிக்கிழமையிலிருந்து புது விதிகள். தோற்றவர் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவேண்டிய செலவு ஐம்பதாயிரம் பவுண்டுக்கு மேல் போகாது. விசாரணை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. எதைப் பேசலாம், யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதை நீதிபதியே முதலில் உட்கார்ந்து பிரித்துவிடுவார். தள்ளுவண்டியைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டோம். குழுவில் இருந்த ஒரு பாரிஸ்டர் கையில் உன் நான்கு பக்கத்தின் நகலைப் பார்த்தேன். சங்கிலி வரிக்குக் கீழே பென்சில் கோடு. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குச் சட்டமே திருத்த வேண்டுமாம்.

இது உண்மையிலேயே சின்ன ஆளுக்கான கோர்ட் ஆகிவிட்டதா என்று கேட்காதே. தேதி கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருந்தாய். வருகிறேன். எனக்குக் கொடுக்கும் அறையில் ஹீட்டர் வேலை செய்யுமா?

மேவிஸ்


ஸ்பால்டிங்
11 ஜூன் 2012

அன்புள்ள மேவிஸ்,

இரண்டு கிறிஸ்துமஸ் இங்கே வந்துபோன பிறகு உனக்குக் கடிதம் எழுதுவது சுலபமாகிவிட்டது. பட்டறை நன்றாக ஓடுகிறது, பதினோரு பேர் இருக்கிறார்கள். இந்த வருடம் ஓடுவது நாற்றுத்தட்டுக் கைப்பிடி. நீ வந்தபோது காட்டினேனே, ஒரு கையால் இரண்டு தட்டைத் தூக்கலாம். நர்சரிக்காரர்கள் நூறு நூறாக வாங்குகிறார்கள்.

இப்போது சிரிக்கப் போகிறாய். விஸ்பீச்சிலிருந்து டாம்சின் ஓரக் என்று ஒரு பெண் கடிதம் போட்டிருக்கிறாள். நர்சரியில் கூலி வேலை. தட்டுத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு போய், அதற்காக அவளே ஒரு கைப்பிடி செய்தாளாம். நான் அதைப் பார்த்துச் செய்துவிட்டேனாம். பதிவு எதுவும் செய்யவில்லை. ஆனால் பதிவு செய்யாத வடிவத்துக்கும் உரிமை உண்டு, காப்பி அடித்தான் என்று காட்டினால் போதும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள்.

போன் பண்ணிக் கேட்டேன். "ஏம்மா, வழக்குன்னா எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"தெரியும். தோத்தா இவ்வளவுதான்னு ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. எங்க அண்ணன் பாதி தர்றேன்னிருக்கான். நீங்க நிறுத்தலேன்னா போட்டுடுவேன்."

நான் நான்கு பக்கம் எழுதி வாங்கிக் கொடுத்த வரம்பு, மேவிஸ்! என் கைப்பிடியின் கொக்கி வேறு, அவளுடைய கொக்கி வேறு. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

ராய்ஸ்டன்


வால்தம்ஸ்டோ
15 ஜூன் 2012

அன்புள்ள ராய்ஸ்டன்,

நான் சிரிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் வழக்கு வரும் என்று தெரிந்தால் சொல்லவேண்டியது எங்கள் கடமை. அந்தக் கோப்பு என் மேஜைக்கு வராது. விசாரணை நாளில் நான் வேறு மாடியில் இருப்பேன். முடியும்வரை உன்னோடு பேசுவதில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

1998-இலும் இப்படித்தான். நானே கேட்டு வேறு மாடிக்குப் போனேன். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அது என் முட்டாள்தனம். ஒன்பது நாளும் மதியம் மாடி ஜன்னலிலிருந்து நீ தெருவில் நின்று சாண்ட்விச் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்திருந்தால், எப்படிப் போகிறது என்று கேட்டிருப்பேன். அதை நான் கேட்கக் கூடாது என்பதால்தான் இறங்கவில்லை.

இந்த முறை சொல்லிவிட்டுச் செய்கிறேன். எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

நல்ல வக்கீலாகப் பார். அவரிடம் உண்மையைச் சொல்.

மேவிஸ்


ஸ்பால்டிங்
19 டிசம்பர் 2012

மேவிஸ்,

நீ பிரிக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால் பீட்டர்பரோ கண்காட்சியில் அந்தப் பெண்ணின் கடை முன்னால் நின்றேன். கடை என்றால் ஒரு மடக்கு மேஜை. அவள் டீ வாங்கப் போயிருந்தாள், அவள் அண்ணன் இருந்தான். ஒன்று வாங்கினேன். வண்டியில் போட்டு மறந்துவிட்டேன் என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். முழுப் பொய் இல்லை. இரண்டு நாள் மறந்திருந்தேன்.

வக்கீல் கெட்டிக்காரர். "இதுபோன்ற எண்ணங்கள் பல ஆண்டுகளாக என் மனதில் இருந்தன" என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தேன். அதிலும் தப்பு சொல்ல முடியவில்லை. எல்லார் மனதிலும் எல்லாமும் இருக்கும்.

உன் அறை ஹீட்டரைப் பழுது பார்த்துவிட்டேன்.

ராய்ஸ்டன்


கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோ போகும் ரயிலில்
17 ஜூலை 2013

மேவிஸ்,

முடிந்தது. ஒரே நாள். காலை பத்தரைக்குத் தொடங்கி, மூன்றரைக்கு வெளியே வந்துவிட்டேன். தீர்ப்பு பிறகு வரும் என்றார்கள். எனக்கு இப்போதே தெரியும்.

வந்த உடனே நீதிபதி, "இவர் அதைப் பார்த்துச் செய்தாரா, இல்லையா? அதுதான் கேள்வி. வேறெதுவும் இன்றைக்குக் கேட்கமாட்டேன்" என்றார். எங்கள் பாரிஸ்டர் மூடிவைத்த கட்டு ஒன்றை மெதுவாக மேஜைக்கு அடியில் தள்ளினார்.

அந்தப் பெண்ணுக்கு வக்கீல் இல்லை. முடியைப் பூங்கொத்துக் கட்டுகிற ரப்பர் பேண்டால் கட்டியிருந்தாள். எப்படித் தூக்குவது என்று காட்ட லெட்யூஸ் நாற்றோடு இரண்டு தட்டுக் கொண்டுவந்திருந்தாள். மண் கொஞ்சம் கம்பளத்தில் கொட்டிவிட்டது. குனிந்து கையால் அள்ளப் பார்த்தாள். "பரவால்லம்மா, விட்டுடுங்க" என்றார் நீதிபதி. என்னைக் கேள்வி கேட்க அவளுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்.

முதல் பத்து நிமிடம் வீண். கொக்கியின் வளைவு, பிளாஸ்டிக்கின் கனம் என்று ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. என் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தாள். "பல வருஷம்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு வருஷம்?" என்றாள். சொல்லமுடியாது என்றேன். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் என்ன கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு, சண்டைக்காரி மாதிரி இல்லை, ரொம்பச் சாதாரணமாக, "முதல் தடவை என் கைப்பிடியப் பாத்தப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்றாள்.

"அட, இது நமக்குத் தோணாமப் போச்சேன்னு தோணுச்சு" என்றேன்.

எங்கள் பாரிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி எழுதினார். அந்தப் பெண் "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஏழெட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

ஏன் சொன்னேன் என்று வக்கீல் கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அந்த ஒன்பது நாளும் என் தாழ்ப்பாளைக் காப்பி அடித்த ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். வழுக்கை, ஓயாத இருமல். பேடன்ட் செல்லுமா செல்லாதா என்றே ஒன்பது நாளும் ஓடிப்போயிற்று. உனக்கு என்ன தோன்றியது என்று அவனை யாருமே கேட்கவில்லை. அதை அவன் வாயால் கேட்கத்தான் நான் வழக்குப் போட்டேன், மேவிஸ். எனக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காக ஒரு வீடு போனது, அப்போதும் கிடைக்கவில்லை.

இந்தப் பெண் கேட்டாள். பதில் என்னிடம் இருந்தது. கொடுக்காமல் எப்படி?

ஹண்டிங்டன் தாண்டிவிட்டது. ஒரு காபி வாங்கினேன், வாயில் வைக்க முடியவில்லை.

ராய்ஸ்டன்


வால்தம்ஸ்டோ
8 அக்டோபர் 2013

அன்புள்ள ராய்ஸ்டன்,

வெள்ளிக்கிழமை உன் தீர்ப்பு வெளியானது. மாலையில் மேலாளர் வந்து, "இனி பேசலாம், மேவிஸ்" என்றார். வீட்டுக்கு வந்து உன் இரண்டு உறையையும் பிரித்தேன். முதலில் டிசம்பர், பிறகு ஜூலை. படித்துவிட்டு டீ போட்டேன். அது ஆறிப்போய், மறுபடி போட்டேன்.

கோர்ட்டின் பெயர் ஒன்றாம் தேதி மாறிவிட்டது. அறிவுசார் சொத்து எண்டர்பிரைஸ் கோர்ட். இப்போது நாங்கள் ஹைகோர்ட்டின் பகுதி. போனை எடுத்து இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடுகிறார்கள். பழைய பெயர் போட்ட உறைகள் இரண்டு அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் நேற்று ஒரு குடை வியாபாரி வந்தார். போன வருடமே வந்திருப்பாராம், தன்னிடம் பேடன்ட் இல்லை, பிராண்டுதானே இருக்கிறது என்று வராமல் இருந்தாராம். பெயரைப் பார்த்து வந்தேன் என்றார். உன் வழக்கு பழைய பெயரில் பதிவாகிப் புதுப் பெயரில் முடிந்தது. இரண்டு கோர்ட்டிலும் நீதான் தோற்றாய்.

தீர்ப்பில் உன்னைப் பற்றி எழுதிய பதினான்காம் பத்தியை வக்கீல் உனக்குக் காட்டினாரோ என்னவோ. "திரு. தர்ல்பி தமக்குப் பாதகமாக இருக்கும் என்று தெரிந்தும் நேர்மையாகப் பதில் சொன்னார்." இருபத்து மூன்று வருடமாகத் தீர்ப்புகளைத் தட்டச்சுக்கும் தபாலுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீ காப்பி அடித்தாய் என்பதில் எனக்கு வருத்தம்தான். அதை மறைத்து எழுதமாட்டேன். அது உனக்கும் தெரியும்.

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். ஒரு கேக்கும் ஒரு கார்டும் தருவார்கள். அதற்கடுத்த வாரம் அங்கே வரலாமா?

அன்புடன்,
மேவிஸ்


ஸ்பால்டிங்
3 நவம்பர் 2013

அன்புள்ள மேவிஸ்,

வா. பீட்டர்பரோவில் வண்டி மாறும்போது முன்பக்கப் பெட்டியில் ஏறு, பின்பெட்டிகள் பிளாட்பாரத்துக்கு வராது.

மீதி இருந்த கைப்பிடிகளையும் அச்சையும் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது உத்தரவு. வியாழக்கிழமை அவளே அண்ணன் வேனில் வந்தாள். நாங்கள் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. பதினோரு பேரும் வேலையை நிறுத்தாமல் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தார்கள். அச்சு கனம் என்பதால் நானும் ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றினேன்.

போவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க கீல் வேலையெல்லாம் நல்லாப் பண்ணுவீங்கன்னு சொல்றாங்க. நான் புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். மடிக்கிற இடத்துல சிக்கிக்குது. ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே பைக்குள் கையை விட்டாள்.

நான் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"காட்டாத. முதல்ல போய்ப் பதிவு பண்ணு. அப்புறம் கொண்டா, பாக்கறேன்."

பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அண்ணனும் சிரித்தான். பையின் ஜிப் மூடும் சத்தம் கேட்கும்வரை நான் திரும்பவில்லை.

ராய்ஸ்டன்